தண்ணீரை அளக்கும் மீட்டரை முதலில் அளந்து பாருங்கள்

கடம்பத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் மிளகாய் நாற்றங்கால் கருகுகிறது என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தேன். இலைகளின் ஓரம் தீய்ந்து, நாற்றுகள் வளர்ச்சி குன்றி, மேட்டுப்பாத்தியின் மேல் வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. விவசாயி என்னைவிட மூத்தவர். இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு ஆழ்குழாய்க் கிணறும் உடையவர். நவரையில் நெல்லும், கொஞ்சம் மிளகாயும் கத்தரியும் அவருடைய வழக்கம்.

"தண்ணீர் உப்பாக இருக்குமோ?" என்று கேட்டேன்.

"தண்ணி மேல பழி போடாதீங்க சார். நானே அளந்து பார்த்துட்டேன்" என்று சொல்லி, மோட்டார் கொட்டகைக்குள் சென்று ஒரு பேனா மீட்டரை எடுத்து வந்தார். குடிநீர் இயந்திரம் விற்கும் கடையில் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கியது. தொட்டித் தண்ணீரில் முக்கினார். 620 என்று காட்டியது. எழுநூறுக்குக் கீழே இருந்தால் நல்ல தண்ணீர் என்று ஏதோ ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார். ஆகவே விதை மீது சந்தேகப்பட்டு இருமுறை விதையை மாற்றினார்; பிறகு உரக் கடைக்காரரோடு சண்டை போட்டார். மூன்றாவது தடவையாக விட்ட நாற்றும் எங்கள் கண்முன் கருகிக் கொண்டிருந்தது.

என் பையில் இருந்த மீட்டரை அதே தொட்டியில் முக்கினேன். 1.81 காட்டியது. அதாவது 1810. அவர் என் முகத்தைப் பார்த்தார். "எது சரி சார்?" என்றார்.

நியாயமான கேள்வி. அதிகாரி கையில் இருப்பதாலேயே ஒரு மீட்டர் சரியாகி விடாது. ஆகவே இரண்டு மீட்டர்களையும் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோதித்தோம். அன்று செய்ததையே இங்கு விரிவாக எழுதுகிறேன். இப்போது பேனா மீட்டர் இல்லாத கிராமம் அரிது. ஆனால் அதைக் கழுவ வேண்டும், ஒப்பிட்டுச் சரி பார்க்க வேண்டும் என்பதை விற்பவரும் சொல்வதில்லை; வாங்குபவரும் கேட்பதில்லை.

எண் ஒன்று, அளவு வேறு

அவர் மீட்டரில் இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. முதல் தவறு மீட்டருடையதன்று; எண்ணைப் படித்ததில் வந்தது.

பாசன நீரின் உப்பை நாங்கள் மின் கடத்தும் திறனாக அளக்கிறோம். உப்பு மிகுந்தால் தண்ணீர் மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும். இதன் அளவு டெசிசீமன். பழைய மண் பரிசோதனை அட்டைகளில் மில்லிமோ என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றேதான். ஒரு டெசிசீமன் என்பது 1000 மைக்ரோசீமன். குடிநீர்க் கடையில் கிடைக்கும் பேனாவும் உள்ளே மின் கடத்தும் திறனைத்தான் அளக்கிறது. ஆனால் அதை ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், அதாவது இத்தனை பி.பி.எம். என்று காட்டுகிறது. பெருக்கும் எண் எல்லாப் பேனாவிலும் ஒன்றன்று. சிலவற்றில் 0.5, சிலவற்றில் 0.64, வேறு சிலவற்றில் 0.7.

பெரியவரின் பேனா பாதியாக்கிக் காட்டும் வகை. அது காட்டிய 620 பி.பி.எம். உண்மையில் 1240 மைக்ரோசீமன். அவர் கூட்டத்தில் கேட்ட எழுநூறோ மைக்ரோசீமன் கணக்கு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 0.7 டெசிசீமன் வரை தடையில்லாமல் பாய்ச்சலாம், 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துக் கவனத்துடன் பாய்ச்ச வேண்டும். 3க்கு மேல் கடினம். பயிர்களுக்குள்ளும் வேற்றுமை உண்டு. நெல்லும் நிலக்கடலையும் ஏறத்தாழ 2 டெசிசீமன் வரை மகசூல் குறையாமல் தாங்கும். மிளகாய்க்கு 1 தான் எல்லை. வெங்காயம் இன்னும் மென்மையானது. நாற்றுப் பருவத்தில் தாங்கும் சக்தி மேலும் குறைவு.

சரி, 1240 என்றே வைத்துக் கொண்டாலும் என் மீட்டர் காட்டிய 1810க்கு அது எட்டவில்லையே? இரண்டாவது தவறு அங்கேதான் இருந்தது. மூடியைக் கழற்றி முனையைக் காட்டச் சொன்னேன். இரண்டு உலோகக் கம்பிகளும் வெந்நீர் அண்டாவின் அடிபோலச் சுண்ணாம்பு படிந்து வெளுத்திருந்தன.

படிவு இருந்தால் என்ன ஆகும்?

மீட்டரின் முனையில் இரண்டு கம்பிகள் குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் வழியே எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதுதான் கணக்கு. கம்பியின் மேல் சுண்ணாம்போ, பாசியோ, எண்ணெயோ ஒட்டிக்கொண்டால் மின்சாரம் தடைப்படும். தடைப்பட்டால் மீட்டர் என்ன நினைக்கும்? தண்ணீரில் உப்புக் குறைவு என்று நினைக்கும். ஆகவே அழுக்கடைந்த முனை பெரும்பாலும் கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீராகவே காட்டுகிறது. இதுதான் இதில் உள்ள ஆபத்து. அதிகமாகக் காட்டினாலாவது நாம் பயந்து இன்னொரு முறை சோதிப்போம். குறைத்துக் காட்டினால் நிம்மதியாகத் தூங்கி விடுகிறோம்.

இதைக் கிலோவில் சொன்னால் விளங்கும். ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். 0.62 டெசிசீமன் தண்ணீரானால் அதில் சுமார் 80 கிலோ உப்பு. 1.81 டெசிசீமன் தண்ணீரானால் சுமார் 230 கிலோ. ஒரே ஒரு தண்ணீருக்கு இந்தக் கணக்கு. பட்டம் முழுவதும் எத்தனை தண்ணீர் கட்டுகிறோம்! மூட்டை மூட்டையாக உப்பை இறக்கிவிட்டு விதைக் கடைக்காரரைக் கோபித்து என்ன பயன்?

கழுவும் முறை

பெரியவரின் வீட்டில் இருந்த பொருள்களே போதுமாக இருந்தன. ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் வினிகர் ஊற்றி, மீட்டரை அணைத்துவிட்டு, முனை மட்டும் மூழ்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தோம். சுண்ணாம்புப் படிவில் சிறு குமிழிகள் கிளம்புவதைப் பார்க்கலாம். வினிகர் இல்லாவிட்டால் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு போதும். பிறகு பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கம்பிகளை இலேசாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினோம். பாசி வழவழப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து முதலில் அதில் கழுவிவிட்டு, அதன்பின் வினிகருக்குப் போக வேண்டும். எண்ணெய் மூடியிருந்தால் வினிகர் சுண்ணாம்பைத் தொடாது.

கத்தி, ஊசி, உப்புத்தாள், இரும்பு நார் இவற்றால் சுரண்டக் கூடாது. கம்பியின் பரப்பும் இடைவெளியும் மாறினால் மீட்டரின் கணக்கே மாறிவிடும். சிலர் ஆத்திரத்தில் பேனா முழுவதையும் தண்ணீரில் போட்டு விடுகிறார்கள். கோடு போட்ட இடத்துக்கு மேல் நனையக் கூடாது. மேலே மின்சுற்று இருக்கிறது.

கழுவி முடித்து அதே தொட்டியில் முக்கியபோது பேனா 905 காட்டியது. இரண்டால் பெருக்கினால் 1810. பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப விதைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் சார்" என்றார்.

இரண்டு மீட்டர்களும் ஒத்துப் போனதால் இரண்டும் சரி என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. இரண்டும் ஒரே மாதிரித் தவறாகவும் இருக்கலாம். நெல் எடுக்க வருகிற வியாபாரியின் தராசும் எடைக்கல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனால் போதும் என்று யாராவது விடுவோமா? முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மீட்டருக்கும் அப்படி ஒரு முத்திரை வேண்டும். காலிபரேஷன் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். உப்பின் அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு கரைசலில் மீட்டரை முக்கி, அது சொல்ல வேண்டிய எண்ணைச் சொல்கிறதா என்று பார்ப்பது; சொல்லாவிட்டால் சொல்லும்படி திருத்துவது.

ஐந்து லிட்டர் கேன், ஐந்து கிராம் உப்பு

ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பொட்டாசியம் குளோரைடு கரைசல் வைத்திருக்கிறோம். 25 டிகிரி வெப்பத்தில் 1413 மைக்ரோசீமன் காட்ட வேண்டிய கரைசல் அது. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் புட்டியாகவும் சிறு பையாகவும் கிடைக்கும். ஆனால் கிராமத்தில் அவசரத்துக்கு என்ன செய்வது?

பாட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனில் பாட்டரித் தண்ணீர் விற்கிறார்கள். அதை வாங்கி முதலில் மீட்டரை அதில் முக்கிப் பாருங்கள். சுழியோ, சுழிக்கு மிக நெருங்கிய எண்ணோ காட்ட வேண்டும். ஐம்பது அறுபது என்று காட்டினால் அந்தக் கேன் நமக்கு உதவாது. பின்பு அடுக்களைத் தூள் உப்பைச் சட்டியில் சூடு காட்டி ஈரம் போக்கி, ஆறவைத்து, ஐந்து கிராம் நிறுத்துக் கொள்ள வேண்டும். மளிகைக் கடைத் தராசு இதற்கு ஆகாது. நகைக் கடையிலோ அடகுக் கடையிலோ கேட்டால் நிறுத்துத் தருவார்கள். பெரியவர் உப்பை நிறுக்கப் போனபோது கடைக்காரர் சிரித்தாராம். சிரிக்கட்டும். உப்பைக் கேனில் போட்டு மூடி நன்றாகக் குலுக்கி, அரைமணி நேரம் நிழலில் வைக்க வேண்டும். இப்போது லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு உள்ள கரைசல் தயார்.

கழுவிய மீட்டரை இந்தக் கரைசலில் ஒருமுறை அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றி முக்குங்கள். மின் கடத்தும் திறனைக் காட்டும் மீட்டரானால் 2.0 டெசிசீமனுக்கு அருகில் வரவேண்டும். பாதியாக்கும் பேனாவானால் 1000க்கு அருகில். 1300க்கு அருகில் காட்டினால் உங்கள் பேனா 0.64 வகை, 1400க்கு அருகில் என்றால் 0.7 வகை. ஆக, பேனாவின் சாதியும் இதிலேயே தெரிந்து விடுகிறது. பேனாவோடு வந்த தாளில் எழுதியிருப்பதோடும் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். ஆனால் கழுவாத மீட்டரை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் குழப்பமே மிஞ்சும். அழுக்கினால் குறைந்ததா, வகையினால் குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது.

அடுக்களை உப்பு கலப்பற்ற உப்பன்று. கேனும் துல்லியமாக ஐந்து லிட்டராக இராது. ஆகவே நூற்றுக்கு ஐந்து கூடுதல் குறைவைப் பொருட்படுத்த வேண்டாம். மீட்டர் அதற்கு மேல் விலகினால் இந்த உப்புத் தண்ணீரை வைத்துத் திருத்தாமல், 1413 கரைசல் வாங்கித் திருத்துவதே முறை. இது சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனையே தவிர, முத்திரை அன்று. மீதியை இறுக மூடி நிழலில் வைத்தால் மாதம் ஒருமுறை சோதிக்கச் சில மாதங்களுக்கு ஆகும். தெருவில் நான்கு பேர் சேர்ந்து ஒரு கேன் வைத்துக் கொள்ளலாம். "உப்புத் தண்ணீர், குடிக்காதே" என்று பெரிய எழுத்தில் மேலே ஒட்டி வையுங்கள்.

1413 கரைசலில் திருத்தும்போது வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் மின் கடத்தும் திறன் நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறுகிறது. அதே கரைசல் 30 டிகிரியில் ஏறத்தாழ 1550 ஆகிவிடும். வெப்பத்தைத் தானே ஈடுகட்டும் மீட்டரானால் 1413 என்றே காட்டும். ஆனால் முனை கரைசலின் சூட்டுக்கு வர ஒரு நிமிடமாவது பிடிக்கும். சித்திரை வெயிலில் வரப்பில் கிடந்த மீட்டரை எடுத்து உடனே முக்கிப் படித்தால் எந்த எண்ணும் வரும். மீட்டரையும் கரைசலையும் ஒரே நிழலில் சிறிது நேரம் வைத்திருந்து தொடங்குவது நலம். முக்கியவுடன் இலேசாகத் தட்டிவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவில் காற்றுக் குமிழி நின்றாலும் அளவு குறையும். பிறகு பின்புறத்துச் சிறு திருகையோ, காலிபரேஷன் பொத்தானையோ இயக்கி எண்ணைச் சரி செய்யலாம்.

அந்தப் பொத்தானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிணற்றுத் தண்ணீரில் முக்கியிருக்கும்போது கைதவறி அதை அழுத்திவிட்டால், சில மீட்டர்கள் கிணற்றுத் தண்ணீரையே அளவுகோலாக எடுத்துக் கொள்ளும். அப்புறம் அது சொல்வதெல்லாம் பொய். வீட்டில் குழந்தைகள் கையில் மீட்டரைக் கொடுக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.எச். மீட்டர் பச்சைக் குழந்தை

கார அமில நிலையை அளக்கும் பி.எச். மீட்டர் வேறு இனம். இதன் முனையில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அந்தக் குமிழின் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். காய்ந்தால் மந்தமாகிவிடும், எண் நிலைக்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மூடிக்குள் சில சொட்டுச் சேமிப்புக் கரைசல், அதாவது அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல், இருக்க வேண்டும். சுத்தமான தண்ணீர்தானே என்று பாட்டரித் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. அது குமிழைக் கெடுக்கும் வழி. உள்ளே உள்ள உப்பை மெல்ல வெளியே இழுத்துவிடும்.

குமிழைத் துணியால் துடைக்கக் கூடாது. மென்காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் கால்மணி நேரம், பிறகு அலசி, சேமிப்புக் கரைசலில் ஒரு மணி நேரம். அதன் பின்பே அளவு பார்க்க வேண்டும். எந்தத் தண்ணீரில் வைத்தாலும் 7 என்றே காட்டினால் குமிழில் கீறல் விழுந்திருக்கலாம். அதைக் கழுவியும் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இதற்கு இரண்டு கரைசல்கள் தேவை. முதலில் 7, அடுத்து 4 அல்லது 9.2. நம் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் ஏழுக்கு மேலே நிற்பதால் 7ஐயும் 9.2ஐயும் வைத்துச் சரி பார்ப்பது பொருத்தம். மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கிறார்கள். குறிப்பிட்ட அளவு பாட்டரித் தண்ணீரில் கரைத்துக் கொள்ளலாம். பயன்படுத்திய கரைசலை மறுபடி புட்டியில் ஊற்றக் கூடாது. உப்பு மீட்டருக்கு மாதம் ஒருமுறை சோதனை போதும், பி.எச். மீட்டரையோ அளக்கும் நாளிலெல்லாம் சரி பார்க்க வேண்டும். அத்தனை சீராட்டு முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. உப்பு மீட்டர் ஒன்றை ஒழுங்காக வைத்திருந்தாலே சிறு விவசாயிக்குப் பெரும் துணை.

இதைப் பிறர் குறையாக மட்டும் நான் எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் ஒருவருடைய கிணற்று நீரைப் பி.எச். மீட்டரால் அளந்து, எட்டரை இருக்கிறது, களர்த் தன்மையாகத் தெரிகிறது, இந்தப் பட்டம் நடவேண்டாம், ஆய்வுக்கூட முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடிவு வந்தபோது நீரில் அத்தகைய கோளாறு எதுவும் இல்லை. என் பெட்டியில் இருந்த 9.2 கரைசல் எப்போதோ திறந்தது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் தன் அளவிலிருந்து இறங்கியிருந்தது. இறங்கிய கரைசலை நான் 9.2 என்று மீட்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அது எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னது. அதற்குள் அந்த மனிதரின் நாற்று முற்றி, பட்டம் கைதப்பிப் போயிற்று. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் புட்டியைத் திறக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுவது என் வழக்கம்.

மீஞ்சூர் கிணறுகளும் கும்மிடிப்பூண்டிக் கேள்வியும்

நமது மாவட்டத்தில் சரியாக அளப்பதால் என்ன தெரிய வந்தது என்பதற்கு மீஞ்சூர் சாட்சி. ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தில் 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். சென்னைக்காகக் குழாய்க் கிணறுகளும் தோண்டினார்கள். இறைக்க இறைக்கக் கடல் நீர் உள்ளே வந்தது. 1969ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை 1983ல் 7 கிலோமீட்டருக்கும், 1987ல் 9 கிலோமீட்டருக்கும் நகர்ந்தது. இது கண்ணால் பார்த்துச் சொன்னதன்று. கிணறு கிணறாக, ஆண்டுக்கு ஆண்டு, தண்ணீரை அளந்து ஒப்பிட்டதால் தெரிந்தது. ஓர் ஆண்டு அழுக்கு மீட்டரோடும் மறு ஆண்டு கழுவிய மீட்டரோடும் போயிருந்தால் கடல் வந்ததா, மீட்டர் மாறியதா என்று யார் சொல்ல முடியும்?

கடம்பத்தூர் கடலுக்கு வெகு தூரம். சென்னையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற கூவம் ஆறு, இந்த ஒன்றியத்துக் கூவம் கிராமத்தின் பக்கம்தான் தொடங்குகிறது. இங்கே அதற்கு அந்தப் பெயர் கெட்டுப் போகவில்லை. இங்கு தண்ணீர் உப்பாவது பெரும்பாலும் கோடையில் நீர்மட்டம் இறங்குவதாலும், பாய்ச்சிய நீரே உப்பைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கிணற்றுக்கு வருவதாலும், பாறையின் இயல்பாலும் ஆகும்.

கும்மிடிப்பூண்டி, காக்களூர் போன்ற தொழிற்பேட்டைகளின் அருகில் நிலம் உள்ளவர்கள் கூட்டங்களில் வேறொன்று கேட்கிறார்கள். "கம்பெனியிலயும் மீட்டர் வெச்சிருக்காங்களாமே, அதை நம்பலாமா?" மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில், மிகுதியாக மாசு உண்டாக்கக்கூடிய 17 வகைத் தொழிற்சாலைகள் கழிவு நீரைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்களைப் பொருத்தி, அளவுகளை நேரடியாக வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தச் சென்சார்களுக்கும் இதே விதிதான். கழிவு நீரில் கிடப்பவை என்பதால் அவற்றின் மேல் இன்னும் வேகமாக வழவழப்புப் படியும். கழுவிய தேதியும் ஒப்பிட்டுப் பார்த்த தேதியும் உள்ள பதிவேடு இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அதே கேள்வியை நம்மிடமும் கேட்பார்கள். கிணறு கெட்டுவிட்டது என்று நீங்கள் மனுக் கொடுத்தால், எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்பார்கள். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, உப்புக் கேனில் மீட்டர் காட்டிய எண், அதற்கடுத்து கிணற்று நீரில் காட்டிய எண், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியபின் எடுத்தது, இந்நான்கையும் மாதம் ஒருமுறை ஒரே வரியில் எழுதுங்கள். கேனில் 1000, கிணற்றில் 905 என்று சென்ற தை மாதமும், கேனில் 1000, கிணற்றில் 1400 என்று இந்தத் தை மாதமும் எழுதியிருந்தால் அதை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உப்பு மீட்டர் உப்பை மட்டுமே அறியும். சாயம், எண்ணெய், நச்சு உலோகம் எதையும் அது காட்டாது. எண் குறைவாக இருப்பதால் தண்ணீர் மாசற்றது என்று கொள்ளக் கூடாது. நிறமோ மணமோ மாறினால் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் இறால் வளர்ப்போர் ஆக்சிஜன் மீட்டர் வைத்திருப்பார்கள். சவ்வு பொருத்திய வகையானால் சவ்வின் கீழ் குமிழியோ சுருக்கமோ இருக்கக் கூடாது. ஈரக் காற்றில் வைத்து ஒப்பிடும்போது 30 டிகிரி வெப்பத்தில், நன்னீர் கணக்கில், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியற்காலையில். அந்த நேரத்தில் மீட்டர் ஒரு மில்லிகிராம் கூட்டிச் சொன்னால் விடிவதற்குள் குளம் மிதந்துவிடும்.

மாதிரி எடுக்கும்போது

மீட்டர் சரியாக இருந்தும் தவறான தண்ணீரை அளப்பவர்கள் உண்டு. தொட்டியில் நேற்று நின்ற தண்ணீரையோ, மோட்டார் போட்டவுடன் குழாயிலிருந்து வரும் தண்ணீரையோ அளக்க வேண்டாம். கால்மணி, இருபது நிமிடம் ஓடவிட்டு, குவளையை அதே நீரில் மூன்று முறை அலசிப் பிடித்து அளக்க வேண்டும். பி.எச். பார்ப்பதானால் உடனே பார்த்துவிட வேண்டும். நிலத்தடியிலிருந்து வரும் நீரில் உள்ள கரியமில வாயு வெளியேற வெளியேற எண் ஏறிக்கொண்டே போகும்.

நவரைக்கு நாற்று விடுமுன் ஒருமுறையும், சொர்ணவாரியின் நடுவில் கடும் கோடையில் ஒருமுறையும் அளப்பது கட்டாயம். 1.5 டெசிசீமனுக்கு மேல் போனாலோ, பாய்ச்சிய வயல் காய்ந்ததும் இறுகி வெடித்தாலோ ஒரு லிட்டர் நீரைச் சுத்தமான புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மண், நீர் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். சோடியத்தின் விகிதத்தையும் எஞ்சிய சோடியம் கார்பனேட்டையும் அங்கேதான் கண்டுபிடிக்க முடியும். எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்ட் வரை பயமில்லை, 2.5க்கு மேல் போனால் அந்த நீர் பாசனத்துக்கு ஏற்றதன்று. ஜிப்சம் எவ்வளவு இடுவது என்பதையும் அந்த முடிவைப் பார்த்தே சொல்வார்கள். மாதிரியை எங்கே கொடுப்பது என்பதை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

கடம்பத்தூர்ப் பெரியவருக்குச் சொன்னது இதுதான். நெல்லை அதே கிணற்று நீரில் நடலாம்; வடிகால் விட்டு, தண்ணீர் மாற்றிக் கட்ட வேண்டும். மிளகாய் நாற்றங்காலுக்கு மட்டும் அந்த நீர் ஆகாது. ஏரிக்கால்வாய்த் தண்ணீரை அவருடைய கழுவிய பேனாவால் அளந்தோம். 200 காட்டியது, அதாவது 0.4 டெசிசீமன். நாற்றங்காலுக்கு அதைக் குடத்தில் எடுத்து ஊற்றச் சொன்னேன். நடவு வயலுக்கு இரண்டையும் சரிபாதி கலந்தால் 1.1 ஆகும், ஏறத்தாழ மிளகாய் தாங்கும் எல்லை. நான்காவது முறை விட்ட நாற்று வந்தது. மீட்டர் இப்போது மோட்டார் கொட்டகையில் இல்லை. சாமி மாடத்துக்குக் கீழே, உப்புக் கேனுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கிறது. அளந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உதறி, மூடி வைக்கிறார்.